மைக் இல்லாத மேடை: ஓபரா டெனராக விரும்புபவருக்கு

சம்பளம் கொடுத்துப் பாடகர்களை வைத்திருக்கும் ஓபரா அரங்கு இலங்கையில் இல்லை. அக்கரைப்பற்றில் பஸ் ஏறிக் கொழும்பில் இறங்கினால் ஏதோ ஒரு வேலை கிடைக்கும் என்ற கணக்கு இந்தத் தொழிலுக்குச் செல்லாது. விமானம் ஏறியே ஆகவேண்டும். அப்படியிருக்க, அம்பாறைக் கரையோரத்துப் பிள்ளைகளுக்கான தொழில் வழிகாட்டியில் இதற்கு ஏன் ஓர் அதிகாரம்?

இரண்டு காரணம். இலங்கை வேர் கொண்ட ஒருவர் இன்று உலகின் பெரிய ஓபரா அரங்குகளில் முதன்மை டெனராகப் பாடிக்கொண்டிருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் வரும். மற்றக் காரணம், ஆண்குரல் தாமதமாகவே முதிரும் என்பது. வயலினையோ பியானோவையோ சின்ன வயதில் தொடாதவருக்கு உலக மேடை கிட்டத்தட்ட எட்டாத ஒன்று. குரலுக்கு அப்படியில்லை. 19 வயதில் தொடங்குகிறவர் பிந்திவிட்டவர் ஆகமாட்டார். சுரக்குறி வாசிக்கும் பழக்கமும் காதும் மொழியும்தான் பிந்திப்போகக்கூடியவை. அவற்றை ஊரிலிருந்தே சேர்த்துக்கொண்டு போகிறவர் தப்புவார். குரலை மட்டும் கொண்டு போகிறவர் அங்கே போய் அகப்பட்டுக்கொள்வார்.

ஓபரா என்றால் என்ன என்று மட்டக்களப்பு, அம்பாறைக் கிராமத்தவருக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. கதை முழுவதும் பாட்டால் நகரும் நாடகம் அது. மத்தளமும் தாளமும் நிற்கும் இடத்தில் அறுபது எழுபது வாத்தியக்காரர்களைக் கொண்ட இசைக்குழு அரங்கின் முன்னே பள்ளத்தில் இருக்கும். பாடகரிடம் ஒலிவாங்கி இருக்காது. இரண்டாயிரம் மூவாயிரம் பேர் இருக்கும் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் தன் தொண்டையாலேயே போய்ச் சேரவேண்டும்.

உங்கள் குரல் எது?

ஆண்குரல்களில் கீழே பேஸ், நடுவில் பாரிடோன், மேலே டெனர். ஆண்களில் மிகப் பெரும்பாலோர் பாரிடோன். நல்ல டெனர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. கதாநாயகனின் பாத்திரத்தைப் பெரும்பாலும் டெனருக்கே எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதால் அந்தத் தட்டுப்பாட்டுக்கு விலையும் உண்டு.

கர்நாடக சங்கீதம் படித்தவருக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ். டெனர் பாடவேண்டிய உச்ச சுரம் அதற்கு இரண்டு ஸ்தாயி மேலே, 523 ஹேர்ட்ஸில் இருக்கிறது. அதாவது தார ஸ்தாயியையும் தாண்டி அடுத்த ஷட்ஜம். எல்லாப் பாத்திரத்திலும் அது வராது. ஆனால் அதற்கு ஓரிரு சுரம் குறைவானவை அடிக்கடி வரும். கச்சேரியில் உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதியை நீங்களே வைத்துக்கொள்ளலாம். இங்கே சுருதியை இசையமைப்பாளர் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். இன்றைக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்குங்கள் என்று அறுபது பேரிடம் சொல்ல முடியாது.

தமிழில் இந்த வகைக் குரல் இல்லாமல் இருந்ததில்லை. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி. கிட்டப்பா ஒலிவாங்கி வராத காலத்து நாடகக் கொட்டகைகளில் பெருங்கூட்டத்துக்குக் கேட்கப் பாடியவர். உயர்ந்த சுருதியில் நின்று பாடியதாலேயே பெயர் பெற்றவர். காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து அரிச்சந்திரனாகப் பாடியே மக்களைக் கட்டிப்போட்டவர். களரியில் விடியும்வரை பாடி ஆடும் கூத்துக்காரரும் இதே கேள்விக்குத்தான் விடை தேடுகிறார்: ஒலிவாங்கி இல்லாமல் எப்படித் தூரத்துக்குக் கேட்கவைப்பது?

ஓபராவின் விடை உரத்துப் பாடுவது அன்று. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோகான் சுண்ட்பெரி 1970களில் இதை அளந்து காட்டினார். இசைக்குழுவின் ஒலிவலு 500 ஹேர்ட்ஸை அண்டிய பகுதியில்தான் அதிகம். அதற்கு மேலே போகப்போகக் குறையும். பயிற்சி பெற்ற பாடகரின் குரலிலோ 2,500 முதல் 3,000 ஹேர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒரு தனி மேடு உண்டு. இசைக்குழு பலவீனமாக இருக்கும் அந்த இடைவெளியினூடாகக் குரல் வெளியே வருகிறது. தொண்டையைத் தளர்த்தி, குரல்வளையைச் சற்றுத் தாழ வைத்து, மூச்சை அடக்கிச் செலவிடுவதால் வருவது இது. எண்களைக் கண்டு மிரள வேண்டாம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் சுரங்களின் அலைவெண் விகிதங்களைக் கணக்கிட்டு யாழ் நூல் எழுதியவர். அது வெளிவந்தது 1947இல். இந்தக் கரையோரத்துக்குக் கணிதமும் சங்கீதமும் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை.

குரல் உடையும் வயதில், பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் இடையில், உச்ச சுரங்களைப் பிடிக்கவே வேண்டாம். பாடசாலைப் போட்டிக்காக அந்த வயதுப் பையன்களைக் கத்தவைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைக் கைவிட்டால் நல்லது. பதினேழு பதினெட்டில் உங்களைப் பாரிடோன் என்று யாராவது சொன்னாலும் அதை முடிந்த தீர்ப்பாக எடுக்காதீர்கள். இத்தாலியப் பாடகர் கார்லோ பெர்கோன்சி பாரிடோனாக மேடையேறி, பிறகு 1951இல் டெனராக மறுபடி தொடங்கியவர். கொரியாவின் சொக்ஜொங் பெக் கொரோனாக் காலத்தில் தன் பாரிடோன் குரலை டெனராக மாற்றிக்கொண்டு, 2022இல் லண்டன் ரோயல் ஓபரா அரங்கில் சிம்சோனாகப் பாடினார். இவற்றைப் படித்துவிட்டு எல்லாப் பாரிடோன்களும் மேலே ஏறப் புறப்பட்டால் தொண்டைகள்தான் கெடும். குரலின் வகையைத் தீர்மானிப்பது எட்டும் உச்ச சுரம் ஒன்றே இல்லை. எந்தப் பகுதியில் களைக்காமல் ஒரு மணித்தியாலம் நிற்க முடிகிறது என்பதும், குரலின் நிறமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஊரில் இருந்தபடி செய்யக்கூடியவை

உலகப் புகழ்பெற்ற இத்தாலிய டெனர் லூசியானோ பவரோத்தி மோதெனா நகரத்து ரொட்டி சுடுபவரின் மகன். முறையாகக் குரல் படிக்கத் தொடங்கியது 1954இல், 19 வயதில். இடையில் ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்தார், காப்புறுதி விற்றார். 1961 ஏப்ரல் 29இல் ரெஜியோ எமிலியாவில் முதன்முதலாக முழுப் பாத்திரம் பாடியபோது அவருக்கு வயது 25. அவருக்கு இருந்த ஒரு பெரிய வசதியை மட்டும் மறக்கக்கூடாது: தகப்பனோடு சேர்ந்து ஊர்ப் பாடகர் குழுவில் வருடக்கணக்காகப் பாடியிருந்தார். அந்தக் குழு 1955இல் வேல்ஸ் நாட்டின் லாங்கொலன் போட்டியில் முதற்பரிசும் பெற்றது.

ஆகவே முதல் வேலை, ஒரு பாடகர் குழுவைத் தேடிச் சேர்வது. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் மெதடிஸ்த, கத்தோலிக்க தேவாலயங்களில் நாலு குரல் பிரித்துப் பாடும் வழக்கம் உண்டு. பக்கத்தில் மூன்று பேர் வேறு வேறு சுரம் பாடிக்கொண்டிருக்க, உங்கள் சுரத்தைவிட்டு நழுவாமல் நிற்பது தனிப்பாட்டு எத்தனை பாடினாலும் வராத பயிற்சி. நமது சங்கீதத்தில் ஒத்திசைவு இல்லை என்பதால் கர்நாடகம் நன்றாகப் பாடும் பிள்ளையும் இந்த இடத்தில் தடுமாறும். குழு கிடைக்காவிட்டால் நாலு நண்பர்களைச் சேர்த்து ஒன்றைத் தொடங்கலாம்.

இரண்டாவது, மேலைத்தேய சுரக்குறி. இதில் சமாதானம் சொல்ல இடமில்லை. ஐந்து கோட்டில் எழுதிய பாட்டை முதற் பார்வையில் பாடத் தெரியாதவரை ஐரோப்பிய நுழைவுத் தேர்வில் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பவரோத்திக்கே சுரக்குறி சரியாக வராது என்று ஒரு கதை ஊர் ஊராகச் சுற்றுகிறது. பவரோத்தியின் குரலும் உங்களிடம் இருந்தால் அந்தக் கதையை நம்பிக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் ரோயல் ஸ்கூல்ஸ் பரீட்சையில் எட்டுத் தரங்கள் உண்டு. ஆறாம் தரத்திலிருந்து செய்முறைப் பரீட்சைக்குத் தோற்ற முன்பு ஐந்தாம் தரக் கோட்பாட்டில் சித்தியடைந்திருக்க வேண்டும். 2020 முதல் ஐந்தாம் தரம் வரையான கோட்பாட்டுப் பரீட்சையை இணையவழியாக எழுதலாம். பாடிக் காட்டும் பரீட்சையில் ஒரு வகையை வீடியோவாகப் பதிந்தே அனுப்பலாம். கொழும்புக்குப் போய்வரும் செலவும் ஒரு இரவுத் தங்கலும் மிச்சம்.

சாதாரண தரத்தில் மேலைத்தேய சங்கீதம் எடுக்க நம் பக்கத்துப் பாடசாலைகள் பலவற்றில் ஆசிரியர் இல்லை. அதற்காகக் கர்நாடக சங்கீதத்தை விட்டுவிட வேண்டாம். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் படித்த பிள்ளைக்குத் தாளமும் காதும் ஏற்கெனவே பாதி தயார். சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடியவர் இத்தாலியப் பயிற்சிச் சுரங்களைக் கண்டு திணறமாட்டார். மாற்றிக்கொள்ள வேண்டியது குரல் வைக்கும் இடத்தை. கமகம் குரலில் ஊறியிருப்பதால் ஒரு சுரத்தை அசையாமல் நீட்டிப் பிடிப்பது முதலில் கஷ்டமாக இருக்கும்.

ஒரு பழைய கீபோர்ட் வாங்குங்கள். பியானோ வேண்டாம், காற்றில் உப்பு இருக்கும் ஊரில் அதைச் சுருதி சேர்த்துப் பேணுவதற்கு ஆளும் இல்லை, காசும் இல்லை. நாளைக்கு அரைமணி நேரம் வலக்கையால் உங்கள் மெட்டும் இடக்கையால் அடிச்சுரமும் வாசித்தால் போதும்.

நாடகம் தனி. திருக்கோவில் பக்கத்திலோ மட்டக்களப்பு ஊர்களிலோ கூத்துப் பழகும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். பாடிக்கொண்டே ஆடி, மூச்சைக் காப்பாற்றி, அடுத்த தருவுக்கு நேரத்தோடு வந்து சேரும் பழக்கத்தை எந்த வகுப்பறையும் இவ்வளவு மலிவாகத் தராது. தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் வழக்குரை படிப்பவர்களைக் கூர்ந்து கேளுங்கள். மணிக்கணக்காகப் படித்தும் சொல் மழுங்காமல் எப்படிக் காக்கிறார்கள் என்று பாருங்கள். ஓபராவில் இளம் பாடகர்கள் சறுக்குவது பெரும்பாலும் சொல்லில்தான்.

தொண்டைக்கு: புகையும் வெற்றிலை பாக்கும் கூடாது. இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டி தின்றுவிட்டு உடனே படுப்பதும் கூடாது. வயிற்று அமிலம் மேலே வந்து குரல்நாணைச் சுடும். குரல் கட்டினால் பாட்டை நிறுத்துங்கள், கிசுகிசுப்பதையும் நிறுத்துங்கள். கற்கண்டும் மிளகும் ஆறுதல் தரும், அவ்வளவுதான். இரண்டு மூன்று கிழமை தாண்டியும் கரகரப்புப் போகாவிட்டால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷான் பணிக்கர் போன பாதை

ஷான் பணிக்கர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குரலிசையில் இளமாணியும் முதுமாணியும் முடித்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோ ஓபராவின் அட்லர் புலமைத்திட்டத்தில் சேர்ந்தார். இந்த மாதிரித் திட்டங்களை ஒரு வகைத் தொழிற்பயிற்சி எனலாம்: அரங்கிலேயே இருந்து, சின்னப் பாத்திரங்கள் பாடி, பெரிய பாத்திரக்காரருக்குக் காய்ச்சல் வந்தால் ஏறுவதற்குத் தயாராக நின்று, கொஞ்சச் சம்பளமும் வாங்குவது. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் 2008இல் புச்சினியின் மனோன் லெஸ்கோவில் எட்மோண்டோ என்ற சிறு பாத்திரம் அவருக்குக் கிடைத்தது.

கதை இங்கே முடிந்து வெற்றி விழா தொடங்கும் என்று நினைப்போம். ஆனால் அடுத்த பெரிய திருப்பங்களுக்குப் பல வருடம் பிடித்தது. 2013இல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் திறமைப் போட்டி ஒன்றில், ஃபோர்ட்டே என்ற மூவர் குழுவில் ஒருவராக இறுதிச் சுற்றுவரை போனார். மெட்ரோபொலிட்டனில் பாடியவர் தொலைக்காட்சிப் போட்டிக்குப் போவதா என்று மூக்கைச் சுளிப்பவர்கள் மாதக் கடைசியில் வாடகை கட்டிப் பார்த்திராதவர்கள். சால்ஸ்பேர்க் விழாவில் ஹென்ஸேயின் பஸ்ஸாரிடுகள் ஓபராவில் தியோனிசுஸாகப் பாடியது 2018இல். அதே வருடம் லொஸ் ஏஞ்சலிஸில் பிலிப் கிளாஸின் சத்தியாக்கிரகத்தில் காந்தியானார். அந்த ஓபரா பகவத்கீதை வரிகளைக்கொண்டு முழுக்க சமஸ்கிருதத்தில் பாடப்படுவது. 2021இல் மறுபடி சால்ஸ்பேர்க், நோனோவின் படைப்பில் குடிபெயர்ந்த தொழிலாளியாக. 2023இல் லண்டன் ரோயல் ஓபராவிலும் 2024இல் மியூனிக்கிலும் வாக்னரின் ரைன் தங்கத்தில் லோகே.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர் பெயர் பெற்றது எல்லாரும் பாடும் இத்தாலியக் காதலன் பாத்திரங்களால் மாத்திரம் இல்லை. கடினமான, குறைவான பேர் கற்றுக்கொள்ளத் துணியும் இருபதாம் நூற்றாண்டு ஓபராக்களாலும்தான். அவற்றைப் பாட முதலில் வேண்டியது கூர்மையான காதும் சுரக்குறி வாசிப்பும். சுரக்குறியையும் காதையும் ஊரிலிருந்தே சேர்த்துக்கொண்டு போகவேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

அவர் பாடிய பாத்திரங்களில் ஒன்று நதிர். பிசே 24 வயதில் எழுதி, 1863இல் பாரிசில் மேடையேறிய முத்துக் குளிப்போர் ஓபராவின் டெனர் அவன். கதை நடப்பது இலங்கைக் கரையில். பிசே இலங்கையைக் கண்டதே இல்லை, அது பாட்டைக் கேட்டாலே தெரியும். ஆனாலும் நதிரின் தனிப்பாட்டு இலகுவான டெனர் குரலுக்குக் கிடைத்த மிக அழகான பாட்டுகளில் ஒன்று. தேர்வுகளுக்குத் தயார் செய்ய ஏற்றது, உரத்துப் பாடிக் கெடுக்க முடியாதபடி எழுதப்பட்டிருப்பதால்.

இலங்கையிலேயே பிறந்து வளர்ந்து போனவருக்கு உதாரணம் வேண்டுமென்றால் சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல்) பாடகி கிஷானி ஜயசிங்க இருக்கிறார். கொழும்பில் படித்து, இங்கிலாந்தில் சட்டமும் பிறகு லண்டன் ரோயல் அகாதமியில் குரலும் படித்து, 2006இல் ரோயல் ஓபராவின் இளம் கலைஞர் திட்டத்துக்குத் தெரிவானவர். 2016 பெப்ரவரி 4 சுதந்திர தின விழாவில், சிங்கள பௌத்தர் போற்றும் தன்னோ புதுங்கே பாடலை ஓபராக் குரலில் அவர் பாடியபோது கண்டனமும் கேலியும் எழுந்தன, ஆதரவும் எழுந்தது. ஜோன் டி சில்வாவின் சிங்கள நாடகத்துக்காக அந்த மெட்டைப் போட்டவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லவ்ஜி என்பது அந்தக் கூச்சலில் பலருக்கு ஞாபகம் வரவில்லை. வெளிநாட்டில் கைதட்டு வாங்கிய குரலுக்கு ஊரில் என்ன கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

எங்கே படிப்பது, எவ்வளவு ஆகும்

மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கர்நாடக சங்கீதமும் நாடகமும் கற்பிக்கிறது. கொழும்புக் கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தில் மேலைத்தேய இசைக்கும் துறை உண்டு. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேலைத்தேயக் குரலிசை கற்கலாம். ஊரைவிட்டு முதல் அடி எடுத்துவைக்க, மொழிச் சங்கடம் இல்லாத இடம் அது. ஆனால் தொழில்முறை டெனராவதற்கு இவை எல்லாம் முன்கட்டம்தான்.

இங்கிலாந்தின் பெரிய இசைக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவரின் கட்டணம் வருடத்துக்கு 25,000 பவுணுக்கு மேல். காணியை ஈடுவைத்து அதைக் கட்டப் புறப்படாதீர்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் கேர்ட்டிஸ் கல்லூரியும் அகாதமி ஒஃப் வோகல் ஆர்ட்ஸும் தெரிவானவர்களிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. தெரிவாவது மிகமிகச் சிலரே.

எனது சிபாரிசு ஜேர்மனி. அரச பணத்தில் நடக்கும் ஏறத்தாழ எண்பது ஓபரா அரங்குகள் அந்த ஒரு நாட்டில் இருக்கின்றன. அரச இசைக் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டவருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. விசாவுக்கு வருடச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கு கணக்கில் வைப்பிட்டுக் காட்ட வேண்டும். 2024 இறுதியில் அது 11,904 யூரோவாக இருந்தது. தொகை அடிக்கடி ஏறுவதால் விண்ணப்பிக்கும் மாதத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பல கல்லூரிகள் குரலிசைக்கு வயதெல்லை வைத்திருக்கின்றன. உயர்தரச் சான்றிதழை எப்படி மதிப்பார்கள் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜேர்மன் மொழியை ஊரில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். பரீட்சையைக் கொழும்பு கோத்தே நிறுவனத்தில் எழுதலாம். மொழி தெரியாமல் போகிறவருக்கு முதல் வருடம் வீணாகும்.

ஒரு பாத்திரம் மேடைக்கு வரும்வரை

கூத்தில் அண்ணாவியார் சட்டம் கொடுப்பார். பிறகு மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். ஓபராவிலும் படிகள் உண்டு, ஆனால் பழக்கும் பொறுப்பு அண்ணாவியாரிடமிருந்து உங்கள் தலைக்கு மாறிவிடுகிறது. ஒத்திகையின் முதல் நாளே பாத்திரம் முழுவதும் மனப்பாடமாக இருக்க வேண்டும். புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவரை அடுத்த முறை கூப்பிடமாட்டார்கள்.

தனியே படிக்கும் முறை இது. முதலில் பாட்டை விட்டுவிட்டுக் கதைவசனத்தை வாசியுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே தமிழில் பொருள் எழுதுங்கள். மற்றவர் பாடும் சொற்களுக்கும் எழுதுங்கள், எதற்கு நீங்கள் பதில் பாடுகிறீர்கள் என்று தெரியவேண்டுமே. அடுத்து, சுரமில்லாமல் தாளத்தில் மட்டும் பேசுங்கள். பிறகு சுரம். முழுக்குரல் கடைசியில்தான். இத்தாலியம், ஜேர்மன், பிரெஞ்சு மூன்றின் உச்சரிப்பும் தேவை. தமிழருக்கு இத்தாலியம் சீக்கிரம் வரும்; சொற்கள் உயிரில் முடிவதும் இரட்டித்த மெய்யை அழுத்திச் சொல்வதும் நமக்குப் பழக்கம். ஜேர்மன் சொல் முடிவில் குவியும் மெய்கள்தான் உயிரை எடுக்கும்.

அரங்கில் ஒத்திகை பொதுவாக நாலு முதல் ஆறு கிழமை. பியானோவோடு நெறியாளர் நகர்வுகளைப் பழக்குவார். பிறகு ஒருநாள் வேடமில்லாமல் உட்கார்ந்து இசைக்குழுவோடு பாடுவீர்கள். அதன்பின் உடை ஒத்திகைகள். ஒத்திகைகளில் எல்லாவற்றையும் முழுக்குரலில் பாடித் தீர்க்கக்கூடாது. அரைக்குரலிலோ ஒரு ஸ்தாயி கீழேயோ பாடித் தொண்டையைக் காப்பது இத்துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். கனமான பாத்திரம் பாடினால் இரண்டு காட்சிகளுக்கு இடையில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு.

மாற்றுப் பாடகராக நிற்பதைக் கீழான வேலையாக நினைக்காதீர்கள். 2021 டிசம்பரில் லண்டனில் டோஸ்கா நடந்துகொண்டிருக்கையில் முதல் அங்கத்தோடு டெனருக்குத் தொடர முடியாமல் போனது. மிச்சத்தை 28 வயது ஃப்ரெடி டி டொமாசோ பாடினார். அடுத்த நாள் பத்திரிகைகள் அவர் பெயரோடு வந்தன.

கைக்கு வரும் காசு

ஜேர்மன் அரங்கில் நிரந்தரப் பாடகராகச் சேர்ந்தால் மாதச் சம்பளம், மருத்துவக் காப்புறுதி, ஓய்வூதியப் பங்களிப்பு எல்லாம் உண்டு. அதற்குப் பதிலாக ஒரு பருவத்தில் ஐந்தாறு பாத்திரங்கள், சில சமயம் உங்கள் குரலுக்குப் பொருந்தாததையும் பாடச் சொல்வார்கள். பொருந்தாததை மறுக்கத் தெரிவதும் இந்தத் தொழிலின் ஒரு கலை. 26 வயதுக் குரலில் ஒத்தெல்லோ போன்ற கனமான பாத்திரத்தைப் பாடிவிட்டு 32இல் குரலைத் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

சுயாதீனப் பாடகருக்குக் காட்சிக்கு இவ்வளவு என்று கூலி. தொகை பெரிதாகத் தெரியும். அதிலிருந்து முகவரின் பங்கு, வரி, பயணம், தங்குமிடம், குரல் ஆசிரியர் கட்டணம் எல்லாம் போகும். தடிமன் வந்து பாட முடியாவிட்டால் அந்த இரவுக்குக் கூலி இல்லை. 2020 மார்ச்சில் மூடிய மெட்ரோபொலிட்டன் ஓபரா 2021 செப்டெம்பரில்தான் மீண்டும் பருவத்தைத் தொடங்கியது. அதுவரை காட்சிக் கூலியை நம்பியிருந்தவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். முகவர் கிடைக்காதவர் ஜேர்மன் அரச வேலைவாய்ப்புத் துறையின் கலைஞர் பிரிவில் பாடிக் காட்டலாம். அவர்கள் பங்கு எடுப்பதில்லை. ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன், முதலில் காசு கட்டு என்று கேட்கும் யாரிடமும் கட்டாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கென்று காசு கொடுத்து ஏமாந்த வீடுகள் நம் கரையோரத்தில் ஏற்கெனவே போதும்.

இன்னொரு வழி இருக்கிறது, பலரும் கணக்கில் எடுக்காதது: அரங்குகளின் நிரந்தரப் பாடகர் குழு. தனிப் பாத்திரம் கிடையாது, சுவரொட்டியில் பெயர் வராது. ஆனால் மாதச் சம்பளம், ஒரே ஊரில் வீடு, பிள்ளைகளுக்கு ஒரே பாடசாலை. டெனர் தட்டுப்பாடு அங்கேயும் உண்டு. என்னைக் கேட்டால், நல்ல குரலும் நிதானமும் உள்ள நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு இதையே சொல்வேன்.

வீட்டில் பேசுவது

அப்பாவுக்கும் வாப்பாவுக்கும் கேள்வி ஒன்றுதான்: இதால சோறு கிடைக்குமா? முப்பது வயதுவரை பெரும்பாலும் கிடைக்காது என்பதே நேர்மையான பதில். அதனால் கையில் இன்னொரு தொழில் இருக்கட்டும், ஆசிரியத் தொழிலோ கணக்கியலோ கணினியோ. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் வீடுகளில் மார்க்க ரீதியான கேள்வியும் வரும். பாடுவதையும் வாத்தியத்தையும் தொழிலாகக் கொள்வது பற்றி உலமாக்களிடையே ஒன்றுக்கு மேற்பட்ட நிலைப்பாடுகள் உண்டு. அதை இந்த நூல் தீர்த்துவைக்க முடியாது. பயணச்சீட்டு வாங்கிய பிறகு வாப்பா உம்மாவுக்குச் சொல்வதைவிட, பதினெட்டு வயதிலேயே உட்கார்ந்து பேசி, குடும்பம் மதிக்கும் ஒரு ஹஸரத்தையும் கேட்டுக்கொள்வது எல்லாருக்கும் மரியாதை. பாத்திரங்களில் முத்தமும் மதுவும் மாற்று வழிபாடும் வரும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

எல்லையும் அப்போதே வைத்துக்கொள்ளலாம். ஒருவரையொருவர் அறியாத இரண்டு குரல் ஆசிரியர்களிடம் பாடிக் காட்டி, தொழிலுக்கான குரலா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். உங்களிடம் மாதக் கட்டணம் வாங்கும் ஆசிரியர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக்கூடாது. இளம் கலைஞர் திட்டங்களும் பெரிய போட்டிகளும் பெரும்பாலும் முப்பதை அண்டி வயதெல்லை வைக்கின்றன. அதற்குள் ஒரு திட்டத்திலோ அரங்கிலோ கால் ஊன்றாவிட்டால் பாடகர் குழுவுக்கோ கற்பித்தலுக்கோ திரும்புவது என்று வீட்டாரோடு ஒப்புக்கொண்டு போகலாம்.

நாற்பதுக்குப் பிறகு

டெனர் குரல் வயதோடு கனக்கும். இருபதுகளில் மோசார்ட்டின் தமீனோவையும் தொனிசெத்தியின் நெமொரினோவையும் பாடியவர், முப்பதுகளின் நடுவில் கார்மெனின் தொன் ஹோசேக்கு வரலாம். வாக்னரின் சீக்ஃபிரீட், திரிஸ்தான் போன்ற பாத்திரங்களுக்கு முப்பத்தைந்துக்கு முன் போகவே வேண்டாம். எல்லாக் குரலும் அந்தப் பக்கம் போகாது. இலகுவாகவே நின்றுவிடும் குரலும் உண்டு, அதற்கும் வேலை உண்டு. கதாநாயகனாக வராமல், தந்திரக்காரனாக, தரகனாக, வேலைக்காரனாக வரும் குணச்சித்திர டெனர்கள் அறுபது தாண்டியும் பாடுகிறார்கள். பட்டாம்பூச்சி அம்மையாரில் வரும் கோரோ, ஃபிகாரோவின் திருமணத்தில் வரும் பசீலியோ அப்படிப்பட்டவர்கள். டெனராகப் பெயர்பெற்ற பிளாசிடோ டொமிங்கோ 68 வயதில், 2009இல் பெர்லினில் சிமோன் பொக்கனேக்ராவாகப் பாரிடோன் பாத்திரத்துக்கு இறங்கினார். அதைச் சிலர் பாராட்டினார்கள், சிலர் குறைசொன்னார்கள். அரங்குச் சீட்டுகள் மட்டும் விற்றுத் தீர்ந்தன.